டைகரை அனுப்பினால் மட்டும் போதாது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உனக்குக் குரல் பதிவு அனுப்பலாம் என்று பேசிப் பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று என் குரல் உடைந்தது, இல்லையென்றால் உன் அப்பா உள்ளே வந்துவிட்டார். அதனால்தான் தாளை எடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருக்கும். வித்யாவைப் படிக்கச் சொல்லிக் கேள். அவளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் அவள். அவளை விட்டுவிட்டு நீயும் நானும் மட்டும் சண்டை போட்டு முடிவெடுப்பது சரியில்லை.

நீ சொன்னது இதுதான். "ஒன்னு அந்த நாய் அங்க இருக்கட்டும், இல்லன்னா வித்யா அங்க வரட்டும். ரெண்டும் நடக்காது லா, அம்மா." நான் பதில் சொல்லாமல் இருந்தேன். நாய் பக்கம் நின்றதால் பேசாமல் இருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். போனிலிருந்து உன் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரே பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு வலித்திருக்கும்.

அப்பாவைப் பார்க்க நீ ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது முழுதாகத் தெரியாது. வருஷக் கடைசி மழையில் லிங்கி ஆறு ஏறி, நம் தோட்டத்தின் கீழ்லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தண்ணீர் நின்றது. சாலை மூடியிருந்ததால் நீ இருக்கிற செனாவாங்கிலிருந்து வர முடியவில்லை. நாங்கள் மேல்லயத்துச் சமூக மண்டபத்தில் இருந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் திரும்பினோம். வீட்டுக்குள் சேறு. வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற லோங்காங் சாக்கடையில் செம்பனை மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைத்து, கறுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. குப்பை அள்ளுகிற டிராக்டர் பழுது என்றார்கள். குப்பைக் குழியில் இருந்தது எல்லாம் வெள்ளத்தில் மிதந்து வந்து நம் வீடுகளின் பின்பக்கம் ஒதுங்கியது. குழியில் இருந்த எலிகளும் அதோடு வந்தன. செம்பனைத் தோட்டத்தில் எலி புதிதில்லை, உதிர்ந்த பழத்தைத் தின்று கொழுத்துத் திரியும். ஆனால் பகலில், சமையலறையில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருப்பு டப்பாவின் மேல் ஏறி உட்காருகிற எலியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாய்களுக்கு அது திருவிழாவாக இருந்தது. எலியைத் துரத்துவதும் பிடிப்பதும் குதறுவதுமாக இருந்தன. நம் டைகர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். பிடித்த எலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு உன் அப்பாவின் முகத்தைப் பார்க்கும். அவரும் தட்டிக் கொடுப்பார். "பூனை கூட இப்படிப் புடிக்காது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசினார். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டைக் காப்பாற்றுகிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு நாய்கள் சாக ஆரம்பித்தன. முதலில் கோயில் பக்கம் சுற்றுகிற செவலை நாய். அப்புறம் அதன் குட்டிகள். அப்புறம் கீழ்லயத்தில் வீட்டுக்கு வீடு. எல்லாம் ஒரே மாதிரி. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு விலகும். வாந்தி எடுக்கும். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் சுவரோரம் படுத்துக்கிடக்கும். கொஞ்ச நாளில் முடிந்துவிடும். லயத்தில் எல்லோரும் விஷம் என்றார்கள். விஷம் என்றதும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. சின்னராசு.

சின்னராசுவை உனக்குத் தெரியும், கீழ்லயத்தில் கடைசி வீடு. தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் எலி மருந்துக் கட்டி வைக்கிற வேலை அவருக்கு. அவர் கோழியை நாய்கள் கடித்ததற்காக அதற்கு முந்தின மாதம்தான் பெரிய சண்டை போட்டிருந்தார். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் எல்லாத்தையும் முடிக்கிறேன் பாரு" என்று கோபத்தில் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். அது போதாதா? அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர் மோட்டர் சைக்கிளின் டயரை யாரோ கிழித்துவிட்டார்கள். அவர் மனைவி கோயிலுக்கு வந்தபோது பெண்கள் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவளை வா என்று கூப்பிடவும் இல்லை.

உன் அப்பாதான் நேராக அவர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன், கைகலப்பு ஆகிவிடுமோ என்கிற பயத்தில். சின்னராசு வாசலில் உட்கார்ந்து டயரை ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா கேட்டார், மருந்து வைத்தாயா இல்லையா என்று. அவர் தலையைத் தூக்கவில்லை. "அண்ணே, நான் மருந்து வைக்கிறது எல்லாம் காட்டுக்குள்ள. லயத்துல ஒரு கட்டிகூட வச்சதில்ல. எல்லாத்துக்கும் முன்னாடி செத்தது என் வீட்டு நாய்தான். பொதைச்சுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். சொன்னா மட்டும் யாரு நம்பப் போறா?" என்றார். உன் அப்பா அவர் எதிரில் குந்தி, டயரின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே டைகர் படுத்தது. காலையில் அப்பாவின் பின்னால் ஓடுகிற நாய், லோங்காங் ஓரத்தில் கிடந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தது. நான் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சள் அரைத்துப் பூசியது மாதிரி இருந்தது. அது சிமெண்டில் போன மூத்திரம் பால் ஊற்றாத காப்பி நிறத்தில் இருந்தது. மற்ற நாய்களை நாங்கள் யாரும் இப்படி உற்றுப் பார்க்கவில்லை, தம்பி. விஷம் என்று முடிவு கட்டிவிட்டதால் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பா அதை வெறுங்கையால் அள்ளித் தோளில் போட்டு, பக்கத்து வீட்டு வேனில் சிரம்பானுக்குக் கொண்டு போனார். நானும் போனேன். நாய் டாக்டர் ஒரு சீனப் பெண், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். ரத்தமும் மூத்திரமும் எடுத்துக்கொண்டு, மலாயில் எங்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்டாள். நாயைக் கட்டி வைப்பீர்களா, அவிழ்த்து விடுவீர்களா? தேங்கின தண்ணீரைக் குடிக்குமா? எலி பிடிக்குமா? வெள்ளம் வந்ததா? பக்கத்தில் வேறு நாய்களுக்கு வந்ததா? வருஷா வருஷம் ஊசி போட்டீர்களா? ஊசி ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம். நாய்க்கு வெறி வராமல் இருக்கத்தான் ஊசி என்று நினைத்திருந்தேன். இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு ஊசி இருக்கிறது, அதை வருஷம் தவறாமல் போட வேண்டும், போட்டாலும் இந்தக் கிருமியின் எல்லா வகையையும் அது தடுக்காது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

விஷம் இல்லை என்று அவள் சொன்னாள். கென்சிங் தீக்குஸ் என்றாள், எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல். எலியின் உடம்பில் அந்தக் கிருமி சும்மா குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் செய்யாது. மூத்திரத்தில் வெளியே வந்து ஈர மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு இடத்து நாய்களுக்கு ஒன்றாக வருவது இதனால்தான். தண்ணீரைக் குடித்த நாய்க்கும், எலியைக் கடித்த நாய்க்கும், காலில் சிராய்ப்போடு சேற்றில் நடந்த நாய்க்கும் வரும். ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, நாயைத் தூக்கி வந்தது யார் என்று கேட்டாள். அப்பா கையைக் காட்டினார். செம்பனை முள் கீறின காயங்கள் இரண்டு கையிலும். அவள் முகம் மாறியது. "அங்கிள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க நாய்க்கு இந்த நோய்னு மொதல்ல சொல்லுங்க. மறக்கக் கூடாது" என்று மலாயில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

டைகரை அவள் அங்கேயே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றினாள். பிழைத்தால் பார்க்கலாம் என்றுதான் எங்களை அனுப்பினாள். அது பிழைத்தது. லயத்தில் படுத்த நாய்களில் பிழைத்தது அது ஒன்றுதான். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தது. அது வந்து சேர்ந்த பிறகு உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அலுப்பு என்றார். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் கை வலிக்கும், தோள் வலிக்கும். அவருக்கு வலித்தது கெண்டைக்கால். தொட்டால் கத்தினார். கண் சிவந்திருந்தது. டாக்டர் பெண் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் டவுனில் இருக்கிற கிளினிக்குக்குத் தனியாக மோட்டரில் போய் மாத்திரை வாங்கி வந்தார். டெங்கியா என்று பார்த்தார்களாம், இல்லையாம். நாயைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேன் என்றார். நான் நம்பினேன். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால் அவர் பொய் சொல்கிறபோது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்று சின்னராசுதான் ஓடிவந்து கார் பிடித்துக் கொடுத்தார். டயர் கிழித்த லயத்தில் யார் யாருக்கு உதவினார்கள் என்பதை நீ மறக்கக் கூடாது. பெரியாஸ்பத்திரியில் வார்டு டாக்டர் மெதுவாகக் கேட்டார். வெள்ளத்தில் நடந்தீர்களா? வீட்டில் எலி உண்டா? ஆடு, மாடு, நாய் ஏதாவது வளர்க்கிறீர்களா, அவற்றுக்கு உடம்பு சரியில்லாமல் போனதா? உன் அப்பா இல்லை என்று தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் இல்லை. அப்படியே என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை. அப்போதுதான் கிளினிக்கிலும் அவர் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் சொன்னேன். "இல்ல டாக்டர், பொய் சொல்றாரு. எங்க நாய்க்குக் கென்சிங் தீக்குஸ் வந்துச்சு. இவருதான் வெறுங்கையால தூக்குனாரு. வெள்ளத்துலயும் நடந்தாரு, லோங்காங்கையும் கையால அள்ளுனாரு." உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் உடனே மருந்தை மாற்றச் சொன்னார்.  அவர் போனதும் உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா அரசாங்கத்து ஆளுங்க வந்து புடிச்சுட்டுப் போய்ச் சுட்டுருவாங்கடி. பொழைச்சு வந்த உயிரு" என்றார். தன் சிறுநீரகம் நின்றுகொண்டிருக்கிற நேரத்தில் அவர் நினைத்தது அது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு நாய்க்காக என்னைத் தாலி அறுக்க வைக்கப் பார்த்தீர்களா என்று கேட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நீ வந்தது அதற்குப் பிறகுதான், ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு. வார்டு நடையில் வைத்து, அப்பா நாயைத் தூக்கியதையும் அதை மறைத்ததையும் உனக்குச் சொன்னேன். நீ சுவரில் கையை ஓங்கிக் குத்தினாய். அந்த நாளில் இருந்து உனக்கு டைகரைப் பிடிக்காமல் போனது. அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பாவின் கையில் ஊசி, மூக்கில் குழாய், மூத்திரப்பை காலியாகத் தொங்குகிறது. அதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் யார் மேலாவது கோபம் வந்தாக வேண்டும்.

ஆனால் வார்டு டாக்டரிடம் நான் கேட்ட ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நாயிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்றார். நாயின் மூத்திரம் அவர் தோளில் பட்டிருக்கலாம். அதற்கு முன்னாலேயே குதிகால் வெடிப்போடு சேற்றுத் தண்ணீரில் நின்றபோது வந்திருக்கலாம். லோங்காங்கை அள்ளியபோது வந்திருக்கலாம். இரண்டு உயிரும் ஒரே தண்ணீரில் நின்றிருக்கின்றன, எந்த வழியாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நீ அப்போது இருந்த நிலையில் இதைச் சொன்னால் நாய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பாய் என்று விட்டுவிட்டேன்.

அப்பா தேறினார். சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பியது என்றார்கள், முழுசாகத் திரும்பியதா என்பதை இன்னும் சொல்லவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறார். குலை வெட்டுகிற வேலை இனி முடியாது, நாற்றங்காலில் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறார். ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிட்டுப் பசியில்லை என்பார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கழிவறைக்குப் போய்விட்டு வந்தால் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

டைகரைப் பற்றி டாக்டர் பெண் என்னிடம் ஒன்றும் மறைக்கவில்லை. பார்க்க நன்றாக இருந்தாலும் பிழைத்த நாயின் மூத்திரத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கலாம் என்றாள். அதற்கென்று இன்னொரு மருந்து கொடுத்தாள். முடியும் வரை ஒரே இடத்தில், சிமெண்டுத் தரையில் கட்டி வைக்க வேண்டும். தரையைக் குளோரோக்ஸ் பிளீச் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட வேண்டும், காயம் இருந்தால் மூட வேண்டும். இதையெல்லாம் செய்தது நான்தான், தம்பி. உன் அப்பாவைப் பக்கத்தில் விடவில்லை. எனக்கு நாய் என்றால் எப்போதும் அவ்வளவு பிரியம் கிடையாது, உனக்கே தெரியும். தினமும் அந்தத் தரையைக் கழுவுவேன். கழுவிவிட்டு, சோப்பு போட்டுக் கையைத் தேய்த்து, போதாது என்று இன்னொரு தடவை தேய்ப்பேன். என் நகக்கண்ணெல்லாம் வெடித்துவிட்டது. வெடித்தால் அது வேறு பயம்.

ஒரு நாள் என்னால் முடியவில்லை. அப்பா ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். தோட்டத்துச் சாமான் லோரி சி ரூசா கடற்கரைப் பக்கம் போகிறது என்று தெரிந்து, ஓட்டுகிற பையனிடம் நாயை ஏற்றிப் போய்க் கடற்கரைச் சாலையில் விட்டுவிடு, அங்கே சுற்றுலா வருகிறவர்கள் சோறு போடுவார்கள் என்றேன். அவன் சரி என்றான். நாயைக் கொண்டுபோய் லோரியின் பின்னால் ஏற்றிக் கட்டியும் விட்டேன். ஏறும்போது அது முரண்டு பிடிக்கவில்லை. வண்டியைக் கிளப்புவதற்கு முன் அந்தப் பையன் சும்மா கேட்டான், "இதுக்கு ஒன்னும் சீக்கு இல்லதானே, ஆன்ட்டி?" என்று. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கடற்கரையில் உன்னைச் சின்ன வயசில் கூட்டிப்போய் மணலில் விட்டிருக்கிறேன். வேறு யாராவது ஒருத்தி அவள் பிள்ளையை அங்கே விடுவாள். நாய் எங்கே போனாலும் அந்த இடத்தில் மூத்திரம் போகும். என் பயத்தை அவள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு நான் வந்து நிம்மதியாகத் தூங்க முடியுமா? சீக்கு இருக்கிறது, இறக்கிவிடு என்றேன். பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். இது இன்றுவரை உன் அப்பாவுக்குத் தெரியாது.

லயத்தில் மற்றவர்கள் அப்படி யோசிக்கவில்லை. விஷம் இல்லை, எலி மூத்திரம்தான் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், முதலில் சின்னராசு வீட்டுக்கு. அவர் மனைவி கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சொன்ன செய்தியால் கோபித்தாளா, இவ்வளவு தாமதமாகச் சொன்னதால் கோபித்தாளா, தெரியவில்லை. மற்ற வீடுகளில் சிலர் நம்பினார்கள். நம்பியவர்களில் சிலர் மறுநாளே மிச்சம் இருந்த நாய்களைச் சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்து எல்லையில் விட்டுவிட்டு வந்தார்கள். நாய் போய்விட்டது, நோயும் போய்விட்டது என்று நினைப்பு. பக்கத்துத் தோட்டத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எலிகள் போகவில்லை. சின்னராசுவும் நானும் லயத்துப் பெண்கள் சிலரும் ஆபீசுக்குப் போய் நின்றோம். கணக்கு எழுதுகிற கிராணி உட்காரச் சொன்னார், மேனேஜர் நல்லபடியாகத்தான் பேசினார். சுகாதார ஆட்கள் வந்தார்கள், லோங்காங்கைப் பார்த்தார்கள், குப்பையை அள்ளச் சொன்னார்கள். ஒரு தடவை அள்ளினார்கள். லோங்காங்கில் பாதி தூரம் தோண்டினார்கள், நம் வீட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடியும் மழை, மறுபடியும் கறுப்புத் தண்ணீர். சின்னராசு இப்போது லயத்தைச் சுற்றிப் பொறிக்கூடு வைக்கிறார். காலையில் கூட்டில் இருக்கிறதை வாளித் தண்ணீரில் முக்குகிறார். அவர் கொன்றார் என்று பேசிய அதே வாய்கள் இப்போது இன்னும் இரண்டு கூடு வையுங்கள் என்கின்றன.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ போனை வைத்த பிறகு உன் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "அவன் சொல்றது ஞாயம்தான். நாளைக்கு டாக்டர் பொண்ணுகிட்ட கொண்டு போறேன். ஊசி போட்டு முடிச்சிடச் சொல்றேன். பேரப்புள்ள வரட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த நாயைக் காப்பாற்றத் தன் உயிரையே பணயம் வைத்த மனுஷன். உன் பிள்ளைக்காக அதை ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்தார். நீ அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். ஏன் என்று நீ கேட்பாய். மறுநாள் நான் தாய்சேய் கிளினிக்குக்குப் போய் அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாயை அப்புறப்படுத்திவிட்டால் மாசமாக இருக்கிற பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டேன். அவர் நாயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பின்னால் லோங்காங் எப்படி இருக்கிறது, குப்பையை எப்போது அள்ளுகிறார்கள், சமையலறையில் எலி வருகிறதா, குளியலறைக்கு வெளியே நடந்து போக வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். இந்தக் காய்ச்சல் வயிற்றுப் பிள்ளையையும் விடாது, அக்கா, உங்கள் மருமகளை அங்கே கொண்டு போகாதீர்கள் என்றார். பரிசோதனையில் சுத்தம் என்று வந்து, கட்டிப் போட்டு, தினமும் கழுவப்படுகிற ஒரு நாயைவிட, எங்கே வருகிறது எங்கே போகிறது என்று தெரியாத எலிதான் பெரிய ஆபத்து என்றார். டைகரின் கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது, அதை உனக்குச் சொல்ல நேரமே வரவில்லை. ஆனால் அதை வைத்து நான் உன்னோடு வாதாட மாட்டேன். சுத்தம் என்று தாளில் வந்த பிறகும் நான் பூட்ஸ் போட்டுத்தான் கழுவுகிறேன்.

அதனால் என் பதில் இது. வித்யாவை இங்கே கூட்டி வராதே. நாய் இருந்தாலும் வராதே, இல்லாவிட்டாலும் வராதே. டைகரைக் கொன்றுவிட்டால் நாம் எல்லோரும் பயத்தை விட்டுவிடுவோம். நீ நிம்மதியாக அவளைக் கொண்டுவந்து விட்டுப் போவாய். அவள் வெறுங்காலோடு பின்பக்கம் துணி காயப்போடப் போவாள். அதை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன். தாய் இல்லாத பெண், முதல் பிரசவம், என் வீட்டில் என் கையால் பத்தியச் சோறு சாப்பிட வேண்டும் என்று அவளைவிட நான்தான் ஆசைப்பட்டேன். முன்னறையைச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருக்கிறேன். சொந்த மருமகளை என் வீட்டுக்கு வராதே என்று எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. எழுதிவிட்டேன். வித்யா, இதை நீதான் படிக்கிறாய் என்றால், உன்மேல் குறை வைத்து எழுதவில்லை, ஆயி.

தம்பி, உன் தாமான் குடியிருப்பையும் நம்பிக்கொண்டு இருந்துவிடாதே. உன் வீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அவர்கள் மிச்சத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்று போய்ப் பார். மழையில் ஷிப்ட் முடிந்து மோட்டரில் வந்து, செருப்போடு வெள்ளத்தை மிதித்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போகிற பழக்கம் உனக்கு உண்டு. அதை விடு. காவல் கொட்டகையில் இரண்டு நாய்கள் படுத்திருக்குமே, அவற்றுக்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று விசாரி. இல்லையென்றால் நீங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போடுங்கள், விரட்டாதீர்கள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் எதையும் மறைக்காதே. அப்பா வழி உடம்பு மட்டும் உனக்கு வந்திருக்கட்டும், அந்த வாய்மூடித்தனம் வர வேண்டாம்.

அப்பாவுக்கு ஒரு போன் போடு. நாயைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். சாப்பிட்டாரா, ரத்தப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று நீயே கேள். என்னிடம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறார். நீ கேட்டால் உண்மையைச் சொன்னாலும் சொல்வார்.

வித்யாவுக்கு மாசம் நெருங்கும்போது நான் அங்கே வருகிறேன். அப்பா இங்கே டைகரோடு இருப்பார், சின்னராசு மனைவி அவருக்குச் சோறு கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் வரும்போது செருப்பை உன் கேட்டுக்கு வெளியே கழற்றிவிடுவேன். கொண்டுவந்த துணியைப் பையோடு வெந்நீரில் போடுவேன். பின்பக்கமாக வந்து தலைக்குக் குளித்துவிட்டு, கை காய்ந்த பிறகுதான் உன் பிள்ளையைத் தொடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்வேன். பார்க்க உனக்குக் கஷ்டமாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். பரவாயில்லை அம்மா, அப்படியே வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் அப்படியே வந்துவிடுவேன்.

அம்மா